சட்டக் கல்லூரி: சீட் கிடைத்த பிறகு என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கான உங்கள் கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் சட்டப் படிப்பைப் பற்றி வந்திருந்ததைப் படித்தேன். கிளாட் என்னும் சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வு, கட்டணம், கல்லூரிப் பட்டியல் எல்லாம் சரி. சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. நான் தேவகோட்டையில் வக்கீல் தொழில் பார்ப்பவன். விடுமுறையில் இன்டர்ன்ஷிப் என்று எங்கள் ஆபீஸில் வந்து உட்காரும் மாணவர்களைப் பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நுழைவுத் தேர்வைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பெங்களூரு, திருச்சி போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மார்க் போகும், முழுக்க ஆங்கிலம், அதுவும் நீளநீளமான பத்திகளைப் படித்துவிட்டுப் பதில் சொல்லவேண்டும். கடைசி நேர கிராஷ் கோர்ஸைவிட, பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தினமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தைப் படிப்பதுதான் இதற்குக் கைகொடுக்கும் (தமிழ்ப் பத்திரிகை ஆசிரியரிடமே இதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்). அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்தான் கணக்கு. 2022-லிருந்து காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கல்லல், கானாடுகாத்தான் பிள்ளைகள் பஸ்ஸில் போய்வந்து படிக்கலாம், எங்கள் காலத்தில் அதற்கெல்லாம் வழியில்லை.

சிக்கல் இனிமேல்தான். பள்ளியில் கோனார் உரை படித்த பழக்கத்தில் சட்டக் கல்லூரியிலும் பிள்ளைகள் முதலில் தேடுவது கைடு. பேர் ஆக்ட், அதாவது உரையோ விளக்கமோ இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தை, மூன்றாம் வருடம் வரை திறக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீஸுக்கு வருகிறவர்களிடம் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பேன்.

நம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்று. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு ஊரில், இரண்டு பேர் மலேசியாவில். ஒரு பங்காளி திருவிழாவுக்கு வந்தவர் சாமான் அறையிலிருந்த பித்தளை அண்டாவை எடுத்து, அப்படியே இரண்டாம் கட்டு நிலைக்கதவையும் பெயர்த்து, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடையில் விற்றுவிட்டார். இது திருட்டா?

"திருட்டுதான் சார்" என்று பட்டென்று பதில் வரும். சரி, புத்தகத்தை எடு என்பேன். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-வது பிரிவு, அதற்கு முன்பிருந்த ஐ.பி.சி.யில் (இந்திய தண்டனைச் சட்டம்) 378. அசையும் பொருளாக இருக்கவேண்டும், இன்னொருவர் சுவாதீனத்தில், அதாவது கைவசத்தில், இருக்கவேண்டும், அவர் சம்மதம் இருக்கக்கூடாது, நேர்மையற்ற எண்ணத்தோடு அதை நகர்த்தியிருக்கவேண்டும். அண்டா அசையும் பொருள், சந்தேகமில்லை. சுவரோடு இருக்கும் நிலைக்கதவு? அந்தப் பிரிவின் முதல் விளக்கத்திலேயே பதில் இருக்கிறது: பூமியோடு சேர்ந்திருக்கும்வரை அது அசையும் பொருளல்ல, பெயர்த்த நொடியில் ஆகிவிடும். அப்புறம் வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது, சுவாதீனம் யாருடையது? எடுத்தவரும் பங்குதாரர்தானே? இங்கே, பொருளை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதைப் பற்றிய 314-வது பிரிவைப் புரட்டவேண்டும். இரண்டு பேருக்குச் சொந்தமான ஒரு குதிரையை உதாரணமாகப் போட்டிருப்பார்கள். ஒருவர் அதைப் பயன்படுத்த ஓட்டிப்போனால் குற்றமில்லை, விற்று முழுப் பணத்தையும் தானே எடுத்துக்கொண்டால் குற்றம். குதிரை இருக்கும் இடத்தில் அண்டாவைப் போட்டுப் பாருங்கள். கல்யாணத்துக்குச் சமைக்க எடுத்துப்போவது வேறு, விற்றுப் பணத்தைப் பையில் போட்டுக்கொள்வது வேறு.

இந்தக் கேள்வியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிள்ளைக்கு அந்த இரண்டு பிரிவும் ஆயுசுக்கும் மறக்காது. பரீட்சையில் வரும் பிரச்சினைக் கேள்விகளுக்கும் இப்படித்தான் எழுதவேண்டும்: நடந்தது என்ன, கேள்வி எது, சட்டம் என்ன சொல்கிறது, இந்தச் சம்பவத்தில் அது எப்படிப் பொருந்துகிறது, அப்புறம் முடிவு. 'பேப்பரை நிரப்பு, மார்க் வரும்' என்று சீனியர்கள் சொல்வதைக் கேட்டு அரியர் வைத்தவர்கள் நிறைய. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டதால் பழைய கைடுகள் எடைக்குப் போடத்தான் லாயக்கு. ஆனால் நிலுவையில் இருக்கும் பழைய வழக்குகளில் ஐ.பி.சி. இன்னும் பேசும், அதனால் இரண்டு எண்ணும் தெரிந்திருக்கவேண்டும். கொலைக்கு 302 என்று சினிமா சொல்லிக்கொடுத்தது, இப்போது 103.

தீர்ப்புகளும் அப்படித்தான். வழக்கின் பெயரையும் வருடத்தையும் மட்டும் உருப்போடுகிறார்கள், கதை தெரிவதில்லை. அரசியல் சட்ட வகுப்பில் 'பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்' என்று ஒரு கோட்பாடு வரும்: ஒரு சட்டம் போகிறபோக்கில் எதைத் தொடுகிறது என்று பார்க்காமல், அதன் சாரம் எது என்று பார்த்து, அதைப் போட்ட சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று முடிவு செய்வது. அதற்குச் சொல்லும் முக்கியமான வழக்குகளில் ஒன்று சுப்பிரமணியன் செட்டியாருக்கும் முத்துசாமி கவுண்டருக்கும் நடந்த புரோநோட்டுக் (கடன் உறுதிச் சீட்டு) கடன் வழக்கு, 1940-ல், சுதந்திரத்துக்கு முன்பிருந்த ஃபெடரல் கோர்ட்டில் தீர்ப்பானது. புரோநோட்டு மத்தியச் சட்டமன்றத்தின் அதிகாரத்தில் வருவது, அப்படியிருக்கச் சென்னை மாகாணம் 1938-ல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் செல்லுமா என்பது கேள்வி. செல்லும் என்றார்கள். வட்டிக்கடைக் கதை கேட்டு வளர்ந்த செட்டிநாட்டுப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாக ஒரு கோட்பாட்டை யார் சொல்லிக்கொடுக்க முடியும்? ஒரு தீர்ப்புக்கு ஒரு பக்கம், சொந்தக் கையெழுத்தில், சொந்த வார்த்தையில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள், போதும்.

தமிழ் மீடியம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆங்கிலம் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே முன்சீப் கோர்ட்டில் சாட்சி பேசுவது தமிழ், அதைப் புரிந்துகொண்டு குறுக்கு விசாரணை செய்ய நல்ல தமிழும் வேண்டும். அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு வருடத்தில் பயம் போய்விடும்.

கோர்ட்டுக்குப் போய் உட்காருவதற்கு யாரிடமும் சிபாரிசு வேண்டாம், திறந்த நீதிமன்றம்தான். போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம். ப்ளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே போகட்டும், மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, மாஜிஸ்திரேட் கோர்ட் மட்டும் நடக்கும். முதல் நாள் வாய்தா, வாய்தா என்று கேட்டுச் சலிப்பாக இருக்கும். சாட்சி விசாரணை நடக்கும் நாளாகப் பார்த்துப் போனால் விஷயம் வேறு. ஐந்தாண்டுப் படிப்பில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் என்பது வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதியே. அதைச் சான்றிதழ் வாங்கும் சடங்காக ஆக்கிவிட்டதில் எங்களைப் போன்ற வக்கீல்களுக்கும் பங்கு உண்டு, கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

படித்து முடித்ததும் நேரே நீதிபதித் தேர்வு எழுதலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர்களுக்கு ஒன்று. மூன்று வருடம் தொழில் செய்திருக்கவேண்டும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வு எழுதவேண்டும், அதற்குப் பேர் ஆக்டைக் கையோடு கொண்டுபோகலாம். ஐந்து வருடமும் அதைத் திறக்காதவர் மூன்றரை மணி நேரமும் பக்கம் புரட்டிக்கொண்டுதான் இருப்பார்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. கல்வி இணைப்பில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, ஒரு சட்டப் பிரிவையோ ஒரு தீர்ப்பையோ எளிய தமிழில் போடுங்கள். சட்டங்கள் எல்லாம் அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது, எனவே செலவும் கிடையாது. எழுத ஆள் இல்லையென்றால் எங்கள் பார் அசோசியேஷனில் கேளுங்கள், மத்தியானத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் நாலு பேர் கிடைப்பார்கள். அதில் நானும் ஒருவன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
தேவகோட்டை.