ஃபியோர்டைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள்

தமிழில் ஜாஸ் பற்றி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். இருபது வருடத்துக்கு மேலாக ஒஸ்லோவில் இருக்கிறேன். இசை தெரிந்தவன் இல்லை, கேட்கிறவன். நீங்கள் எழுதுவதை ஒன்று விடாமல் வாசிக்கிறேன். தமிழில் ஜாஸ் பற்றி எழுத நாலு பேர் வந்ததே பெரிய காரியம், அதனால் சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு முறைப்பாடுதான்.

நோர்வேயிலிருந்து ஒரு ட்ரம்பெட் ஆல்பம் வந்தால் உங்கள் முதல் பந்தி எப்படி இருக்கும் என்று ஆல்பத்தைக் கேட்காமலே சொல்லிவிடுவேன். பனி பெய்யும். மலைகளுக்கு நடுவே நுழைந்த கடலான ஃபியோர்ட் ஒன்று அசையாமல் கிடக்கும். மௌனம் கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு தடவை. ட்ரம்பெட் வாசிப்பவரின் பெயர் மூன்றாம் பந்தியில் வரும். டிரம்ஸ் வாசித்தவர் பெயர் வரவே வராது.

இது உங்கள் சொந்தச் சரக்கு இல்லை என்பதும் தெரியும். ஆங்கிலப் பத்திரிகைகள் பல காலமாக அரைத்த மாவு. நமக்கும் இந்தப் பழக்கம் புதிதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த வித்வான் என்றால் போதும், காவிரித் தண்ணீர் குடித்த வாசிப்பு என்று எழுதி முடித்துவிடுவோம். குருவிடம் அவர் எத்தனை வருடம் திட்டு வாங்கினார் என்ற கதை அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோர்டெக்ஸ் என்று ஒரு நால்வர் குழு. 2007இல் ஒஸ்லோவில் தொடங்கியது. ட்ரம்பெட் வாசிக்கும் தோமஸ் யொஹான்சன்தான் தலைவர். கிறிஸ்டோஃபர் ஆல்பர்ட்ஸ் சாக்ஸபோன், ஊலா ஹொயர் பேஸ், கார்ட் நில்சன் டிரம்ஸ். 2011இல் 'ரெசெக்‌ஷன்' வந்தபோது எல்லாரும் இளைஞர்கள். அப்புறம் லிஸ்பனில் இருக்கும் கிளீன் ஃபீட் லேபிளில் வரிசையாக ஆல்பங்கள் வந்தன: 2014இல் 'லைவ்!', 2016இல் 'லைவ் இன் நியூயோர்க்', 2017இல் 'அவாண்ட்-கார்ட் பார்ட்டி மியூசிக்', 2020இல் 'லீகல் டெண்டர்'. அந்த 2017 ஆல்பத்தின் பெயரை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். இதற்கு எந்த ஃபியோர்டைக் கொண்டுவந்து வைப்பீர்கள்?

இந்தக் குழுவில் பியானோ இல்லை, கிட்டாரும் இல்லை. ஜாஸில் ஸ்வரக்கூட்டுகளைப் பிடித்துக்கொண்டு கீழே தளம் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் பியானோதான். அதை எடுத்துவிட்டால், தம்புராவை நிறுத்திவிட்டு மேடையில் பாடச் சொன்ன மாதிரி ஆகிவிடும். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை ஒருவரை ஒருவர் கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். பேஸ்காரர் தளத்தையும் போட வேண்டும், ஸ்வரம் ஸ்வரமாக முன்னே நடக்கவும் வேண்டும். கோர்டெக்ஸ் தொடங்குகிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு குழலும் சேர்ந்து ஒரு மெட்டை நறுக்கென்று வாசிக்கும், சந்தியில் இரண்டு பேர் ஒரே வசனத்தைக் கத்துகிற மாதிரி. அப்புறம் அந்த மெட்டு கையிலிருந்து விழுந்து உடையும். உடைந்த துண்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். எங்கே திரும்பிச் சேருவார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்க, டிரம்ஸ் ஒரு தட்டுத் தட்டும், நாலு பேரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து பல்லவியின் எடுப்புக்கு வந்து விழுகிற அந்தச் சந்தோஷம் இதிலும் இருக்கிறது.

கார்ட் நில்சனைப் பற்றி இரண்டு வரி. ஷீயன் நகரத்துக்காரர். சூப்பர்சோனிக் ஓர்க்கெஸ்ட்ரா என்று பெரிய குழு ஒன்றையும் நடத்துகிறார், அதில் மூன்று பேர் டிரம்ஸ், மூன்று பேர் பேஸ். மௌனத்தின் நாட்டிலிருந்து ஒருவர் மூன்று டிரம்ஸ் செட்டை மேடையில் ஏற்றுகிறார் என்றால் அந்த நாட்டைப் பற்றி நாம் எழுதியதில் ஏதோ பிழை இருக்கிறது.

சின்ன நாடு, சனத்தொகை ஐம்பத்தைந்து இலட்சம் சொச்சம். இங்கே எப்படி இவ்வளவு ட்ரம்பெட்காரர்கள்? இதற்கு ஒரு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் மகள் ஒன்பது வயதில் பள்ளிக்கூட கோர்ப்ஸில் சேர்ந்தாள். கோர்ப்ஸ் என்றால் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியக் குழு. நாடு முழுக்க, ஊருக்கு ஊர் உண்டு. கையில் ஒரு கோர்னெட்டை, அதாவது ட்ரம்பெட்டின் குட்டித் தங்கையை, கொடுத்தார்கள். முதல் ஆறு மாதம் வீட்டில் பசுமாடு கத்துகிற சத்தம். வாத்தியங்களுக்குக் காசு சேர்க்க 'லொப்பெமார்க்கெட்' என்று பழைய சாமான் சந்தை வைப்பார்கள். பெற்றோர் எல்லாரும் போய் வேலை செய்ய வேண்டும். யாரோ கழித்த சோபாக்களை நானும் தூக்கியிருக்கிறேன், மனைவி வாஃபல் சுட்டு விற்றிருக்கிறார். மே 17, இந்த நாட்டின் அரசியலமைப்பு நாள், அன்று காலையில் சீருடை போட்டுத் தெருவில் வாசித்துக்கொண்டு போக வேண்டும். இங்கே பித்தளை வாத்தியம் வாசிக்கிற பல பேருக்கு ஆரம்பம் இந்த ஊர்வலம்தான்.

பனிக்கும் ட்ரம்பெட்டுக்கும் உள்ள உண்மையான உறவை அந்த ஊர்வலங்களில்தான் கண்டேன். மே மாதத்திலும் சில வருடம் நல்ல குளிர். குளிரில் குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்து சுருதி இறங்கும். பிள்ளைகள் வாய்க்குழலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். குளிர் இந்த வாத்தியத்துக்குத் தருகிற கொடை அவ்வளவுதான்: சுருதி பிசகும்.

கோர்ப்ஸுக்கு அடுத்த படி துரொண்ட்ஹைம் நகரம். அங்கே 1979இல் தொடங்கிய ஜாஸ் படிப்பு ஒன்று இருக்கிறது. ஏட்டைவிடக் காதை நம்புகிற இடம். ஒரு தனி வாசிப்பைக் கேட்டுக் கேட்டு, முதலில் பாடிப் பழகி, பிறகு வாத்தியத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். நம்முடைய குருகுலப் பாடாந்தரத்துக்குப் பக்கத்தில் வருகிற முறை. நில்ஸ் பெட்டர் மொல்வேர், ஆர்வே ஹென்ரிக்சன், மதியாஸ் ஐக் என்று நீங்கள் பனியோடு சேர்த்து எழுதும் மூன்று ட்ரம்பெட்காரர்களும் அங்கே படித்தவர்கள். ஆனால் உங்கள் கட்டுரைகளில் அவர்கள் நேராக மலைச்சரிவிலிருந்து இறங்கி வந்து ஸ்டூடியோவுக்குள் நுழைகிறார்கள்.

அந்த மூச்சுக் கலந்த ஒலி, அதுதானே உங்களை மயக்குவது? எனக்கும் அதில் மயக்கம்தான். ஆனால் அது வந்த வழியைக் கேளுங்கள். ஹென்ரிக்சன் மாணவராக இருந்தபோது மொல்வேர் அவருக்கு ஒரு கசெட் கொடுத்தார். அதில் இருந்தது ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சி. உதட்டைத் தளர்த்தி, ஸ்வரத்தோடு காற்றையும் கசியவிடும் அவருடைய பாணிக்கு அந்தக் குழல் ஒரு பெரிய காரணம். 2001இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பத்தின் பெயரே 'சாக்குதெய்க்கி'. ஜப்பானில் தோட்டம் அமைப்பது பற்றிய மிகப் பழைய நூலின் பெயர் அது. மொல்வேர் 1997இல் ஈசிஎம் லேபிளில் வெளியிட்ட ஆல்பம் 'க்மெர்'. கம்போடிய மக்களின் பெயர்.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் ஜோன் ஹாசல் என்ற அமெரிக்கர் வருவார். மெம்பிஸ் நகரத்துக்காரர், 2021இல் காலமானார். இந்த நோர்வேக்காரர்கள் பலர் காது கொடுத்துக் கேட்ட ட்ரம்பெட். ஹாசல் எங்கே கற்றார் தெரியுமா? பண்டிட் பிரான் நாத்திடம். பீம்சென் ஜோஷியின் அதே கிராணா கரானாவை, அதாவது அதே இந்துஸ்தானிப் பரம்பரையை, சேர்ந்த பாடகர். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிற அந்தக் குரலை ட்ரம்பெட்டில் எடுக்க ஹாசல் வருடக்கணக்கில் பாடுபட்டார். அந்த வழுக்கல்தான் சுற்றி வளைத்து ஒஸ்லோ வந்து, அங்கிருந்து ஆங்கிலப் பத்திரிகைக்குப் போய், 'வடக்கின் குளிர்' என்ற பெயரோடு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மீண்ட் என்கிற நம் வீட்டு வழுக்கலைப் பனிக்கட்டி என்று மொழிபெயர்த்து நமக்கே தருகிறீர்கள் என்று முதலில் தோன்றியபோது நான் ட்ராமில் தனியாகச் சிரித்தேன்.

அந்த விசாலமான ஒலிக்கும் ஒரு முகவரி உண்டு. ஈசிஎம் ஜெர்மனியின் மூனிக் நகரத்து லேபிள், 1969இல் தொடங்கியது, மான்ஃபிரெட் ஐஷர் நடத்துவது. அவர்களின் எத்தனையோ ஆல்பங்களைப் பதிவுசெய்தவர் ஒஸ்லோவின் யான் எரிக் கொங்ஸ்ஹௌக், ரெயின்போ ஸ்டூடியோக்காரர், 2019இல் காலமானார். மைக்கை எங்கே வைப்பது, எதிரொலியை எவ்வளவு விடுவது என்று அவர் எடுத்த முடிவுகளையும் சேர்த்துத்தான் நீங்கள் ஃபியோர்ட் என்கிறீர்கள். ஒரு மனிதரின் கைவேலையை நிலத்துக்கு எழுதிக் கொடுப்பது அநியாயம் இல்லையா?

மதியாஸ் ஐக்குக்கு நடந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம். 2008இல் 'த டோர்' வந்தது. அதுவும் அடிப்படையில் நால்வர் குழுதான்: ஐக், பியானோவில் யோன் பால்க்கே, பேஸில் அவ்டுன் எர்லியன், டிரம்ஸில் அவ்டுன் கிளெய்வே. அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வாய்விட்டுப் பாடுகிற மாதிரி வாசிப்பவர். 2015இல் 'மிட்வெஸ்ட்' போட்டார். நோர்வேயை விட்டு அமெரிக்காவின் சமவெளிகளுக்குக் குடிபெயர்ந்து போன ஏழைச் சனங்களின் பாதை அதில் இருக்கிறது. 2018இல் 'ராவென்ஸ்புர்க்', அது தெற்கு ஜெர்மனியில் அவருடைய பாட்டியின் ஊர். 2025இல் 'லலபை', மறுபடி நால்வர் குழு, பியானோவில் எஸ்தோனியாவைச் சேர்ந்த கிறிஸ்ட்யான் ரண்டாலு. ஒருவர் புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி ஓர் ஆல்பமும் பாட்டியின் ஊர் பேரில் ஓர் ஆல்பமும் போடுகிறார். அதைப் பற்றி எழுத நம்மைவிடத் தகுதியான ஆட்கள் உண்டா? சொந்த ஊரை விட்டு வந்து கிடக்கிற என் மாதிரி ஆட்கள்தானே உங்கள் வாசகர்களில் பாதி. நீங்களோ அவரையும் கொண்டுபோய்ப் பனியில் நிறுத்திவிட்டீர்கள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நிலத்துக்கு இந்த இசையில் பங்கே இல்லை என்று நான் சொன்னால் ஹென்ரிக்சனே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வார். 2007இல் வந்த அவருடைய 'ஸ்த்ரியோன்' அவர் வளர்ந்த ஸ்ட்ரீன் என்ற ஊரின் பழைய பெயர். மலையும் ஆறும் அதில் இருக்கத்தான் இருக்கின்றன. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் மலையை எழுதுங்கள், யார் வேண்டாம் என்றது?

ஃபியோர்ட் மௌனமானது என்பதும் பார்க்காதவர்கள் கட்டிய கதை. எண்பதுகளில் நம் ஆட்கள் பலர் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். அவர்களில் யாரையாவது கேளுங்கள். படகு எஞ்சின், கடற்பறவைக் கூச்சல், மீன் வெட்டுகிற யந்திரம், ஃபோர்மனின் சத்தம். கோர்டெக்ஸின் 'லைவ்!' ஆல்பத்தைப் போட்டுக் காட்டினால், இது எங்கள் தொழிற்சாலை மாதிரி இருக்கிறதே என்று அவர்கள் சொல்லக்கூடும்.

மொத்தக் கதையிலும் நீங்கள் கட்டாயம் எழுத வேண்டிய ஒரு பெயரைக் கடைசிக்கு வைத்தேன். டொன் செரி. ஒக்லஹோமாவில் பிறந்த கறுப்பின ட்ரம்பெட்காரர். 1959இல் சாக்ஸபோன்காரர் ஓர்னெட் கோல்மனோடு பியானோ இல்லாத அந்த நால்வர் குழுவில் வாசித்தவர். கோர்டெக்ஸ் அந்த மரத்தின் கிளைதான். அதே டொன் செரி அறுபதுகளின் கடைசியில் ஸ்கண்டிநேவியாவுக்கு வந்து சுற்றியபோது, உங்கள் சொந்த நாட்டார் பாடல்களைத் தேடுங்கள் என்று நோர்வே சாக்ஸபோன்காரர் யான் கார்பரெக் போன்ற இளைஞர்களைத் தூண்டியவர்களில் ஒருவர். அப்படியென்றால் சத்தமான நோர்வேக்கும் அமைதியான நோர்வேக்கும் ஒரே மாமன். இதை யாராவது தமிழில் ஒரு நல்ல கட்டுரையாக எழுதினால் நான் அச்செடுத்து வீட்டில் ஒட்டி வைப்பேன்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த ட்ரம்பெட் ஆல்பத்துக்கு எழுதும்போது நாலு பேரின் பெயரையும் போடுங்கள். எந்தப் பாட்டில் யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார், எங்கே மனோதர்மம் தொடங்குகிறது, எங்கே தடுமாறுகிறார்கள் என்று சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்; 'லீகல் டெண்டர்' எனக்கே முந்திய ஆல்பம் அளவு ஒட்டவில்லை.

மகள் இப்போது கோர்னெட்டை விட்டு ட்ரம்பெட்டுக்கு மாறிவிட்டாள். பக்கத்து அறையில் 'மிட்வெஸ்ட்' ஆல்பத்தின் ஒரு மெட்டைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது ஸ்வரம் இன்னும் சுருதி சேரவில்லை. வெளியே வெயில்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து ஒரு வாசகன்