ஏணிக்கு ஓர் ஆள்

விக்கிரமசிங்கபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு உங்கள் இருவரின் நலத்தையும் அறிய ஆவல்.

தம்பியின் போனுக்கு நீ அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். சுவரில் மாட்டிய பலகை இடப்பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. நீயே ட்ரில்லிங் மெஷின் வாங்கி, நீயே துளை போட்டு, நீயே மாட்டினாய் என்று தம்பி சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு அத்தையிடமும் காட்டினேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்தப் பலகை கதவு நிலைக்கும் மேலே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் துளை போட வேண்டுமானால் ஏணியில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏணியை யார் பிடித்துக்கொண்டார்கள் பாப்பா?

நூற்றெட்டுச் சாமான்கள் அடங்கிய பெட்டி மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினாயாம். அந்த நூற்றெட்டில் உனக்குப் பயன்படப்போவது எட்டுக்கூட இருக்காது. அந்த எட்டும் உருப்படியாக இருக்காது. சுவர் துளைக்கும் பிட்டின் நுனியில் கார்பைடு என்னும் கடினமான துண்டு ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். மட்டமான பிட்டில் அந்தப் பற்று நான்கைந்து துளைகளுக்குள் சூட்டில் விட்டுவிடும். அதன் பிறகு பிட் சுவரைத் துளைக்காது, தேய்க்கும். தேய்க்கிறது என்பது தெரியாமல் நாம் மெஷினை இன்னும் பலமாக அழுத்துவோம், அழுத்துகிற பாரம் அத்தனையும் காலுக்கடியில் இருக்கும் ஏணியின் மேல் போய் இறங்கும். அதனால்தான் கேட்கிறேன், ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறாதே. நல்ல பிட் நான்கு மட்டும் தனியாக வாங்கினால் போதும், 6 மில்லிமீட்டரில் இரண்டு, 8 மில்லிமீட்டரில் இரண்டு. காங்கிரீட் தூணிலும் உத்திரத்திலும் துளை போடும்போது மெஷினில் சுத்தியல் படம் போட்ட பக்கம் திருப்பிக்கொள். குளியலறை டைல்ஸ் மேல் அப்படி வைத்தால் விரிசல் விட்டுவிடும். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதே, வயர் போகும் குழாய் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். துளைக்குள் நிற்கும் தூசியை ஊதி எடுக்காமல் திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டையைச் செருகினால் அது பிடிமானமில்லாமல் சுற்றும். உன் பலகை தாழ்ந்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம்.

என்னைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன மாதம் குளியலறைக் குழாய் ஒழுகியது. பக்கத்துத் தெருவுக்கு இரவல் போன என் பழைய பைப் ரிஞ்சு திரும்பி வரவில்லை. ஒரு நட்டுக்காக ஆயிரம் ரூபாயா என்று நினைத்துக்கொண்டு, அம்பாசமுத்திரத்தில் 180 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தேன். கையில் எடுத்தபோதே வாயில் ஆட்டம் இருந்தது, தெரிந்தே வாங்கினேன். பித்தளை நட்டில் வைத்துத் திருகிய இரண்டாவது திருகிலேயே சறுக்கி, நட்டின் ஆறு முனைகளையும் மழித்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி ஆக்கிவிட்டது. கை போய்ச் சுவரில் இடித்ததில் என் விரல் கணுக்களின் தோலும் போயிற்று. பிறகு பிளம்பர் வந்து நட்டை வாளால் அறுத்து எடுத்து, வால்வையும் மாற்றிக் கொடுத்தார். கூலியும் வால்வுமாக நல்ல ரிஞ்சின் விலையைத் தாண்டிவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருடம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது தெரியாதா என்று நீ கேட்பாய். பதிமூன்றாம் நம்பர் நட்டில் பதினான்காம் நம்பர் ஸ்பானரைப் போட்டு, இடையில் தகரத் துண்டைச் செருகித் திருகிய பையன் ஒருவனை எங்கள் மேஸ்திரி ஒரு வாரம் எண்ணெய் டின் தூக்க வைத்தார். சூட்டில் அடித்து உருவாக்கிய கருவிக்கும் அச்சில் வார்த்த கருவிக்கும் உள்ள வேறுபாட்டை, கீழே போட்டால் எழும் ஓசையை வைத்தே சொல்லிவிடுவேன். அங்கே கருவி மில்லின் காசில் வந்தது, வீட்டுக்கு வாங்கும்போது என் காசு. வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

படத்தில் கதவோரம் இருந்த ஆணியையும் பார்த்தேன். மாப்பிள்ளையின் ஹெல்மெட் எப்போதும் தொங்கும் ஆணி அது. அதில் உன் துணிப்பை தொங்கியது. ஆணி பளுவைத் தாங்குகிறதா என்றுதான் பார்த்தேன், வேறொன்றுமில்லை. பொங்கலுக்கு வந்தபோதும் அவருக்கு வேலை அதிகம் என்றாய், கோயில் கொடைக்கு அழைத்தபோதும் அதையே சொன்னாய். வேலை இருக்கத்தான் செய்யும். இரவு எத்தனை மணிக்குத் திரும்பினாலும், அவர் வந்த பிறகு ஏணியை எடுப்பதில் ஒரு குறையும் இல்லையே. பலகை ஒரு நாள் தாமதமாக ஏறினால் குடி முழுகிவிடாது. ஆள் இல்லாமல் ஏறாதே.

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். அம்மாவின் இடது மணிக்கட்டு ஏன் கோணியிருக்கிறது என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆற்றுப் படித்துறையில் பாசி வழுக்கி விழுந்தாள் என்று உனக்கும் தம்பிக்கும் ஆச்சிக்கும் சொன்னோம். அது பொய். 1998-ஆம் வருடம் ஆனித் தேரோட்டத்துக்குப் போனபோது, நெல்லை டவுன் ரத வீதியின் நடைபாதையில் ஓர் அலுமினிய மடக்கு ஏணி வாங்கி வந்தேன் அல்லவா, சொன்ன விலையில் பாதிக்குப் பேசி முடித்தேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அந்த ஏணிதான். படிகளைப் பிணைக்கும் அதன் ரிவெட்டுகள் ஆணித்தலை அளவுகூட இல்லை. ஃபிட்டர் கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா? அந்த ஐப்பசியில் பணத்தைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் முற்றி, நான் சட்டையை மாட்டிக்கொண்டு அம்பாசமுத்திரத்து அத்தை வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டேன். மில்லில் இரவு ஷிப்டு என்று உங்களிடம் அம்மா சொல்லியிருப்பாள். இரண்டாம் நாள் மழையில் பின்தாழ்வார ஓடு விலகி, உன் பள்ளிக்கூடப் புத்தகங்களின் மேல் தண்ணீர் சொட்டியது. ஓட்டைத் தள்ளி வைக்க அவளே ஏறினாள். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. நான்காம் படியில் ரிவெட்டு விட்டது. ஒற்றைக் கையால் புத்தகங்களைத் துடைத்து அடுப்போரம் காய வைத்துவிட்டுத்தான் கட்டுப் போடும் வைத்தியரிடம் போயிருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது கட்டு போட்டாயிற்று, பிறகு எலும்பு கோணலாகவே கூடிவிட்டது. இன்றுவரை அவள் என்னை ஒரு சொல் கேட்டதில்லை. இடியாப்பம் பிழிய மட்டும் உன்னைக் கூப்பிடுவாள், உனக்கு அது விளையாட்டாக இருந்தது.

இன்னொரு தவறும் இருக்கிறது. ஃபேன் கழற்றும்போதும் மோட்டார் பிரிக்கும்போதும் டார்ச் பிடிக்கத் தம்பியைத்தான் கூப்பிட்டேன். நீ வாசற்படியில் நின்று பார்ப்பாய், உள்ளே போய்ப் படி என்று விரட்டுவேன். அவனுக்கு இன்றும் திருப்புளியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாது. உனக்குத் தெரிகிறது, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

என் பெட்டியிலிருந்து டபாரியா கம்பெனிக் குறடு, திருப்புளி இரண்டு, சின்னச் சுத்தியல், ரசமட்டம் ஆகியவற்றை எண்ணெய் தடவிப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். குறட்டின் கைப்பிடி உறை லேசாகக் கிழிந்திருக்கிறது, ஆகவே கரண்டு வேலைக்கு அதைத் தொடாதே. பார்சலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை ஊரில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நான் வந்து நிற்கிறேன். அதுவரை பலகையைக் கழற்ற வேண்டாம், அதன் மேல் பளுவான எதையும் வைக்கவும் வேண்டாம்.

இடியாப்ப உரலையும் உன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி அம்மா என் பையில் வைத்திருக்கிறாள். பித்தளை உரல், நல்ல கனம்.

இப்படிக்கு,
அப்பா.