ஹைபிரிட்டா, பெரிய பெட்ரோல் வண்டியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஷோரூமில் 'ஹைபிரிட்' (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி) என்றதும் முன்பணம் கட்டிவிடாதீர்கள். மைல்டா, ஸ்ட்ராங்கா என்று கேளுங்கள். மைல்டு வகை மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான். தனியாக வண்டியை இழுக்காது. ஸ்ட்ராங் வகையில் கொஞ்ச தூரம் மோட்டாரே இழுக்கும்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். நகர நெரிசலில் லிட்டருக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், 2 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி 9 தந்தாலே அதிகம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் ஹைபிரிட்டுக்கு 600 லிட்டர், டர்போவுக்கு 1,333. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் வித்தியாசம் 73,300 ரூபாய். நான்குவழிச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் நிலையாகப் போனால் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திரும்பும் மின்சாரம் ஏது? அங்கே இந்த இடைவெளி சுருங்கிவிடும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக ஏறினால், அந்தச் சின்ன பேட்டரி வடிந்து இன்ஜின் அலறும். டிக்கியும் சிறிது, தளத்துக்கு அடியில் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. ஏழு பேர் குடும்பமா? பேச்சே இல்லை, பெரியதுதான்.

ஹைபிரிட் எடுப்பவர்கள், பேட்டரிக்குக் காற்று போகும் துளை எங்கே என்று டெலிவரியின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பையோ போர்வையோ அதை அடைத்தால் பேட்டரி சூடேறும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் எல்லா வண்டியிலும் இருக்கும் வழக்கமான 12 வோல்ட் பேட்டரி இறங்கி, வண்டி 'ரெடி' நிலைக்கே வராது, கிளம்பாது.

- வாசகர், சேலம்