லே ஐஸ் ஹாக்கி: 18 வயதுக்குட்பட்ட அணிகள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். லடாக்கிலுள்ள லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் வந்திறங்குபவர்கள் முதல் இரண்டு நாள் ஸ்கேட்டைத் தொடவே வேண்டாம். ஓய்வும் தண்ணீரும் போதும். தலைவலி, வாந்தி இருந்தால் உடனே மேலாளரிடம் சொல்லுங்கள். மாத்திரை போட்டு மறைக்காதீர்கள்.

கடுங்குளிரில் திறந்தவெளி ஐஸ் உள்ளரங்கத்தைவிடக் கெட்டியாக இருக்கும். காற்றில் வரும் மணலும் சேர்ந்து ஸ்கேட்டின் பிளேடைச் சீக்கிரம் மழுக்கிவிடும். விளிம்பின் குறுக்கே நகத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். விளிம்பு நகத்தைச் சுரண்டவில்லையா, சாணை பிடிக்க வேண்டியதுதான். ஆட்டம் முடிந்ததும் பிளேடைத் துடைத்துத் துணி உறை போடுங்கள். நடப்பதற்கான பிளாஸ்டிக் உறையோடு பையில் போட்டால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். (இதைச் சொல்லாத ஆண்டே கிடையாது!)

முழுமுகக் கவசமும் கழுத்துக் காப்பும் கட்டாயம். மதிய வெயிலில் ஐஸ் இளகினால் ஆட்ட நேரம் மாறும். குழுவில் வரும் செய்திகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.