"45" என்று மட்டும் எழுதாதீர்கள்: லீவர் றைபிள் வாங்குவோருக்கும் வைத்திருப்போருக்கும் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொட்டாஞ்சேனைப் பட்டறையிலிருந்து எழுதுகிறோம்.

எங்களிடம் துவக்கும் இல்லை, தோட்டாவும் இல்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். தோல் வேலை மட்டும்தான்: துவக்கு உறை, தோள்வார், துவக்குப் பிடியில் சுற்றிக் கட்டுகிற தோட்டாப் பட்டி. ஒரு காலத்தில் வன்னிப் பக்கத்துக் கமக்காரர்கள் லைசன்ஸ் துவக்கோடு சேர்த்துப் போட 12 போர் இடுப்புப்பட்டி தைக்க வருவார்கள். இப்போது கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்காக வெள்ளவத்தையில் இருக்கிற அம்மா அப்பா வந்து ஓர்டர் தருகிறார்கள். அநேகமாக எல்லாமே லீவர் றைபிளுக்குத்தான். கௌபோய் படங்களில் கைப்பிடி வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்துச் சுடுவார்களே, அதுதான்.

எங்கள் ஓர்டர் துண்டில் "கலிபர்" என்று ஒரு கோடு இருக்கிறது. பாதிப்பேர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர், "மகன் இன்னும் வாங்கவில்லை, எந்தக் கலிபர் நல்லது என்று நீங்களே சொல்லுங்கோ" என்கிறார்கள். தோல் தைக்கிறவனிடம் துவக்கு கேட்பது தையற்காரனிடம் மாப்பிள்ளை கேட்பது போலத்தான். ஆனாலும் இத்தனை வருடமாக இந்தத் தோட்டாக்களின் அளவோடு மல்லுக்கட்டியதில் கொஞ்சம் தெரிந்துவிட்டது. தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலில் எங்கள் பிழை ஒன்று. கல்கரியிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் "போட்டி பைவ்" என்றார். நாங்கள் 45 கோல்ட்டுக்குத் தைத்து அனுப்பினோம். அது ரிவோல்வரிலும் போகிற கட்டைத் தோட்டா, முழு நீளம் 41 மில்லிமீற்றர் அளவில். அவரிடம் இருந்தது 45-70. அது 65 மில்லிமீற்றர் நீளம், தடிப்பும் 12.8. எங்கள் கண்ணியோ (தோட்டா செருகுகிற தோல் வளையம்) 12.2 மில்லிமீற்றருக்கு வெட்டியது. ஒரு தோட்டாவை இடித்து உள்ளே தள்ளியவர், பிறகு அதை வெளியே எடுக்கக் குறடு தேடியிருக்கிறார். காசைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து யார் "45" என்றாலும் "எந்த 45?" என்று கேட்காமல் கத்தியைத் தொடுவதில்லை.

கலிபர் என்பது குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் கணக்கு. 30 என்றால் அங்குலத்தில் நூற்றில் முப்பது, அதாவது 7.62 மில்லிமீற்றர். ஆனால் பெயருக்குப் பின்னால் வருகிற சொல்லையும் இலக்கத்தையும் விட்டால் அந்த எண்ணுக்குப் பயன் இல்லை. 45-70 இல் 70 என்பது அன்றைய கறுப்பு வெடிமருந்தின் நிறை, கிரெயின் கணக்கில் (ஏறக்குறைய 15 கிரெயின் ஒரு கிராம்). 1873 இல் அமெரிக்க இராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா அது. 30-30 இல் இரண்டாவது 30, புகையில்லா மருந்தின் கிரெயின். அமெரிக்கத் துவக்குக் கம்பெனியான வின்செஸ்டர் அதை 1895 இல் தன் 94 மாதிரி றைபிளுக்குக் கொண்டுவந்தது. அந்த றைபிளை வடிவமைத்தவர் ஜோன் பிரௌனிங்.

இனி, எதை வாங்குவது?

நாங்கள் முதலில் கேட்பது, எங்கே நின்று எதைச் சுடப்போகிறீர்கள் என்பதுதான். முயலுக்கும் தகரப் பேணிக்கும் என்றால் 22 லோங் றைபிள் போதும். தோட்டா மலிவு, உதைப்பு இல்லை, பழகுவதற்கு அதைவிட நல்லது கிடையாது. அதோடு விட்டுவிடுகிறோம், அதற்கு எங்கள் பட்டியும் தேவையில்லை, சட்டைப்பையில் ஒரு பெட்டி போட்டுக்கொண்டு போகலாம்.

மான் வேட்டை என்றால் எங்கள் வாக்கு 30-30 க்குத்தான். காட்டுக்குள், மரங்களுக்கு இடையில், 150 மீற்றருக்குள் நடக்கிற வேட்டைக்கென்றே பிறந்த தோட்டா. வழக்கமாக வருகிற சன்னம் (தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகிற குண்டு) 150 அல்லது 170 கிரெயின், அதாவது 10 அல்லது 11 கிராம். தோளுக்குத் தாங்கக்கூடிய உதைப்பு. கனடாவில் சின்ன ஊர்க் கடையிலும் பெட்டி இருக்கும் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். 1967 இல் கனடாவின் நூற்றாண்டுக்கு வின்செஸ்டர் விசேடமாக வெளியிட்ட எண்கோணக் குழல் றைபிளும் 30-30 தான். அதற்கு இதுவரை மூன்று உறை தைத்திருக்கிறோம், மூன்றும் ஒன்றுக்கொன்று அழகு. 200 மீற்றருக்கு அப்பால் சுட ஆசைப்படுகிறவர் லீவரை விட்டுவிட்டு வேறு றைபிள் பார்ப்பது நல்லது.

357 மெக்னம் இப்போது நிறையக் கேட்கப்படுகிறது, கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இது ரிவோல்வர் தோட்டா. றைபிளின் நீண்ட குழலில் போட்டால் வேகம் கூடுகிறது: ரிவோல்வரில் வினாடிக்கு 380 மீற்றர் அளவில் போகிற 158 கிரெயின் சன்னம் லீவர் றைபிளில் 550 ஐத் தொடும். அதே குழலில் 38 ஸ்பெஷல் என்ற பலம் குறைந்த ரிவோல்வர் தோட்டாவையும் சுடலாம், மென்மையாகவும் சத்தம் குறைவாகவும் இருக்கும். மறுபக்கம் நடக்காது: 38 ஸ்பெஷல் என்று பொறித்த துவக்கில் 357 போடவே கூடாது. எங்களுக்கு இதில் ஒரு சொந்தச் சந்தோஷம்: இரண்டு கோதும் (தோட்டாவின் பித்தளை உறை) 9.6 மில்லிமீற்றர் தடிப்பு, நீளத்தில் மட்டும்தான் வித்தியாசம், ஒரே கண்ணி இரண்டையும் பிடிக்கும். அவுஸ்திரேலியாவில் பண்ணைக்குள் ஆடு, சின்னப் பன்றி, 100 மீற்றருக்குள் என்றால் இது சரி. பெரிய பன்றிக்குக் கொஞ்சம் கனத்தது வேண்டும் என்றால் 44 மெக்னம்.

45-70 ஐப் பற்றி அப்பாமார் ஒருவிதமாகவும் பிள்ளைகள் வேறுவிதமாகவும் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதன் உருவத்தில் மயக்கம். பழைய இராணுவச் சன்னம் 405 கிரெயின், ஒன்றே 26 கிராம். கரடி உலாவும் இடத்திலும் மூஸ் என்ற பெரிய மான் வேட்டையிலும் அது தன் வேலையைச் செய்யும், சந்தேகமில்லை. ஆனால் உதைக்கும், விலையும் கூட, பட்டியில் ஆறு போட்டாலே துவக்குப் பிடி பின்னுக்குப் பாரம் இழுக்கும். வருடத்துக்கு ஒரு தடவை மான் சுடப்போகிறவருக்கு இது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. இன்னொன்று: இதே பெயரில் மூன்று விதமான பலத்தில் தோட்டா இருக்கிறது. 1873 காலத்து ஸ்பிரிங்பீல்டு இராணுவத் துவக்குக்கு ஏற்ற மென்மையானது, இன்றைய மார்லின் 1895 போன்ற லீவர் றைபிளுக்கு ஏற்றது, அதைவிடப் பலமான துவக்குகளுக்கு மட்டும் உரியது. கோதைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். தாத்தா காலத்துத் துவக்கை வாங்கி, புதுப் பெட்டித் தோட்டாவைப் போடுமுன் பெட்டியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

பழைய துவக்கு என்றவுடன் 303 வருகிறது. நம் ஆட்களுக்கு அந்த எண் வாய்ப்பாடம். பொலிஸ்காரன் தோளில் பார்த்து வளர்ந்தது அல்லவா. மெல்பேர்ணில் ஒருவர் பழைய சவேஜ் 99 லீவர் றைபிளை வாங்கி, குழலில் 303 என்று கண்டதும் பிரித்தானிய 303 தோட்டாப் பெட்டி வாங்கப் போயிருக்கிறார். நல்லகாலம், கடைக்காரர் துவக்கைக் கொண்டுவரச் சொன்னார். 303 சவேஜ் என்பது வேறு தோட்டா. பிரித்தானிய 303 க்கும் அதற்கும் எண்ணைத் தவிர உறவில்லை. பிரித்தானிய 303 க்கும் செய்யப்பட்ட லீவர் றைபிள் உண்டு, அது வின்செஸ்டர் 1895. 32 வின்செஸ்டர் ஸ்பெஷல், 35 றெமிங்டன் இரண்டும் நல்ல தோட்டாக்கள், ஆனால் தேடி அலையவேண்டும். துவக்கு மலிவாகக் கிடைத்தால் முதலில் தோட்டா எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

இதை மட்டும் தடித்த எழுத்தில் எழுதியதாக நினைத்து வாசியுங்கள். பெரும்பாலான லீவர் றைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்தோட்டாவின் மூக்கு, முன்தோட்டாவின் அடிக்கேப்பின் (அடித்தால் தீப்பற்றி மருந்தைக் கொளுத்துகிற சின்ன மூடி) மேல். கூரான சன்னம் போட்டால், துவக்கு உதைக்கும்போது அந்தக் கூர் கேப்பைக் குத்தி உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் 30-30, 45-70 சன்னங்களுக்குத் தட்டை மூக்கு. ஹோர்னடி என்ற கம்பெனி மெதுமையான றப்பர் போன்ற நுனி வைத்து, கூராகவும் ஆபத்தில்லாமலும் செய்திருக்கிறது. அது தவிர கூரானது வேண்டாம். சவேஜ் 99, வின்செஸ்டர் 1895, பிரௌனிங் பிஎல்ஆர் போன்றவற்றில் குழாய் இல்லாததால் கூர்ச் சன்னம் செல்லும். 22 க்கு கேப் நடுவில் இல்லை, விளிம்பில், ஆகவே அங்கும் இந்தப் பயம் இல்லை.

லைசன்ஸ், எந்த மிருகத்துக்கு எந்தக் கலிபர் என்ற சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு, இடத்துக்கு இடம் வேறு. அதை அங்கேயே கேட்டு முடித்துவிட்டு எங்களிடம் வாருங்கள்.

ஓர்டர் தரும்போது குழலில் பொறித்திருப்பதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள், படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. எந்தத் தோளில் வைத்துச் சுடுவீர்கள் என்பதும் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணிகள் கன்னத்தில் குத்தும். அளவு காட்ட வெற்றுக் கோதைப் பயணப் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள். கட்டுநாயக்காவில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டி வரும். எங்களிடம் ஒவ்வொரு கலிபருக்கும் கடைசல்காரர் கடைந்து தந்த மரக்கட்டைகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டு இறுக்கிக் காயவிட்டுத்தான் பட்டி வெளியே போகிறது.

பட்டி கைக்கு வந்தபின் ஒன்று. வேட்டை முடிந்ததும் தோட்டாக்களைக் கண்ணியிலிருந்து எடுத்துப் பெட்டியில் வையுங்கள். பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலில் பித்தளை மாதக்கணக்கில் கிடந்தால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். செம்பில் களிம்பு என்று சைவ சமய பாடத்தில் படித்த அதே களிம்புதான். பிறகு "உங்கள் தோல் சரியில்லை" என்று சண்டைக்கு வராதீர்கள்.

30-30, 357, 44 மெக்னம் பட்டிகளுக்கு இரண்டு கிழமை. 45-70 க்குத் தடித்த தோல் தேடவேண்டும், மூன்று. மார்கழியில் ஊருக்கு வருகிறவர்கள் கார்த்திகை முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். நத்தார் கிழமையில் பட்டறை பூட்டு.

இப்படிக்கு,
தோல் பட்டறையினர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13