ஏவிஎக்ஸ்-512 பகுதியை எடுத்துவிடாதே

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைக்குப் பிறகு அப்பா மறுபடியும் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டு. கேள்வி கேட்டே என்னைத் துளைத்தெடுக்கிறாள்; எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி.

நீ கேட்டதற்கு வருகிறேன். படங்களைச் சீர்செய்யும் உன் லைப்ரரியிலிருந்து ஏவிஎக்ஸ்-512 பகுதியை, அதாவது 512 பிட் அளவுக்குப் பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் செயலிக் கட்டளைகளைப் பயன்படுத்தும் பகுதியை, நீக்கிவிடலாமா என்கிறாய். பராமரிக்கும் சுமை அதிகம், பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது உன் வாதம். 2021-இல் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். அந்த ஆண்டுதான் இன்டெலின் ஆல்டர் லேக் செயலி, பெரியது சிறியது என இரண்டு வகைக் கோர்களோடு (செயலிக்குள் தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதிகள்) வந்தது. பெரிய கோருக்கு 512 பிட் கட்டளைகள் தெரியும், சிறியதற்குத் தெரியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இயங்குதளம் எந்த நொடியிலும் பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றலாம். மாற்றினால், தெரியாத கட்டளை வந்ததும் நிரல் அங்கேயே நின்றுவிடும். அதனால் பெரிய கோரிலும் அந்த வசதியை முடக்கினார்கள். 2017-இல் இன்டெலின் ஸ்கைலேக்-எக்ஸ் செயலி மேசைக் கணினிக்குக் கொண்டுவந்ததைப் புதிய தலைமுறை கைவிட்டது. அதை ஏற்க எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டே போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ஜென் 4 செயலியில் அதைச் சேர்த்தது. உள்ளே பாதையின் அகலம் 256 பிட்தான். அகலமான கட்டளையை இரண்டு பாதியாக முடித்தது. முழு அகலம் 2024-இல், ஜென் 5 மேசைச் செயலிகளில் வந்தது. ஆனால் பாதி அகலத்திலேயே நல்ல பலன் கிடைத்தது, அதைக் கவனி. இந்தக் கட்டளைத் தொகுதியின் அருமை பெரிதும் அதன் மாஸ்க் ரெஜிஸ்டர்களில், அதாவது எந்தெந்த எண்ணில் மட்டும் கட்டளை வேலை செய்யவேண்டும் என்று குறித்துவைக்கும் செயலியின் உள்சேமிப்பிடங்களில், இருக்கிறது என்பேன்.

உன் நிரலையே எடுத்துக்கொள். ஒரு வரிசையில் 32 பிட் எண்கள் 19 இருக்கின்றன. 256 பிட் அகலமுள்ள பழைய ஏவிஎக்ஸ்2-இல் எட்டு எட்டாக இரண்டு முறை செய்கிறாய். மிஞ்சிய மூன்றுக்குத் தனி லூப் எழுதியிருக்கிறாய், அதைத் தனியாகச் சோதிக்கவும் வேண்டும். ஏவிஎக்ஸ்-512-இல் 16 எண்கள் ஒரே கட்டளையில் முடிகின்றன. பிறகு முதல் மூன்று பிட் மட்டும் 1 ஆக உள்ள மாஸ்க்கோடு அதே கட்டளை இன்னொரு முறை, அவ்வளவுதான். மாஸ்க் மூடிய இடங்களைப் படித்ததற்காகப் பிழை எழாது. வரிசை நினைவகப் பக்கத்தின் விளிம்பில் முடிந்தாலும் பயமில்லை.

ஓர் இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும். வரம்பு மீறிய புள்ளிகளைப் பொறுக்கியெடுக்கும் பகுதியில் கம்ப்ரஸ் கட்டளையின் (வேண்டிய எண்களை மட்டும் நெருக்கி அடுக்குவது) விடையை நேராக நினைவகத்துக்கு அனுப்புகிறாய். ஜென் 4-இல் அது மிக மெதுவாக ஓடும். ரெஜிஸ்டருக்குள் சுருக்கிவிட்டுச் சாதாரணமாக எழுது.

இனி வரப்போகும் செயலிகளும் ஏவிஎக்ஸ்-512 பக்கம்தான். 2023-இல் அதன் அடுத்த வடிவமான ஏவிஎக்ஸ்10-ஐ அறிவித்தபோது 256 பிட்டோடு நிற்கும் ஒரு வகைக்கும் இன்டெல் இடம் வைத்திருந்தது. 2025-இல் அதைக் கைவிட்டு, 512 பிட்டைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், ஏஎம்டியோடு சேர்ந்து அமைத்த எக்ஸ்86 ஆலோசனைக் குழுவின் வழியாக இரு நிறுவனங்களுக்கும் ஏவிஎக்ஸ்10 பொது என்றாகிவிட்டது. செயலிக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரியும் என்று காட்டும் பத்துப் பதினைந்து அடையாளங்களைத் தனித்தனியாகச் சோதிக்காமல் ஒரு பதிப்பு எண்ணைப் பார்த்தால் போதும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆர்ம் வகைச் செயலிகளில் இதே வேலையைச் செய்யும் எஸ்விஇ கட்டளைத் தொகுதி வேறு வழியில் போகிறது. நிரலில் அகலத்தையே குறிப்பிடுவதில்லை. 512 பிட் கொண்ட ஏ64எஃப்எக்ஸ் செயலியிலும் 128 பிட் கொண்ட கிராவிட்டான்4 செயலியிலும் அதே நிரல் ஓடும். அழகான ஏற்பாடு. ஆனால் உன்னைப் போல எண்களை ரெஜிஸ்டருக்குள் இடம் மாற்றி மாற்றி அடுக்குகிறவர்களுக்கு அகலம் தெரியாமல் எழுதுவது கடினம். ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு செயலி வகையும் இதே வழிதான். 2024-இல் வந்த அதன் ஆர்விஏ23 வரையறை இப்படிப் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் வெக்டார் கட்டளைகளைக் கட்டாயமாக்கிவிட்டது.

பழைய கணினிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும், ஆகவே ஏவிஎக்ஸ்2 பகுதியும் இருக்கட்டும், தொடக்கத்தில் செயலியைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் இருக்கட்டும். கம்ப்ரஸ் பகுதியை மாற்றியதும் ஜென் 4-இல் எவ்வளவு நேரம் குறைந்தது என்று எழுது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ராகவன்