ஹார்ட் பேஷண்ட்டோட மறதியையும் விசாரிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஹார்ட் ஃபெயிலியர் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். உப்பு குறைக்கணும், தண்ணி அளவா குடிக்கணும், தினம் காலைல எடை பாக்கணும், மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிட்டா உடனே டாக்டர்கிட்ட போகணும்னு எல்லாம் சரியா போட்டிருந்தீங்க, எங்க வீட்லயும் ரெண்டு வருஷமா அதைத்தான் பண்றோம். ஆனா அந்த முழுப் பக்கத்துல நோயாளியோட மனசப் பத்தியோ ஞாபகத்தப் பத்தியோ ஒரு வரி கூட இல்ல. அதனாலதான் எழுதறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

எங்க மாமனாருக்கு 76 வயசு. மன்னார்குடி பக்கத்துல ஒரு ரைஸ் மில்லுல 38 வருஷம் கணக்குப்பிள்ளையா இருந்தவர். வேலைய விட்ட பிறகும் பால் கணக்கு, சீட்டுப் பணம், கரண்ட் பில் எல்லாத்தையும் கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி கிளிப் போட்டு வைப்பார், மாசக் கடைசில பால்காரரே ஐயா எவ்வளவு சொல்றாரோ அதையே குடுங்கம்மான்னுதான் வாங்கிட்டுப் போவார். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி படுக்க முடியாம மூச்சு வாங்கி எழுந்து உக்காந்துட்டார், கால் ரெண்டும் வீங்கி அமுக்கினா குழி விழுந்துச்சு. எக்கோல, அதாவது இதயத்த ஸ்கேன் பண்ணிப் பாத்ததுல, பம்பிங் 30 பர்சென்ட்தான்னு சொன்னாங்க.

வார்டுல யாரோ "ஹார்ட் ஃபெயிலியர் கேஸ்"னு பேசினது அவர் காதுல விழுந்திருக்கு. என்னைக் கூப்ட்டு, "ஃபெயில் ஆயிடுச்சுன்னா நான் எப்படிம்மா இன்னும் பேசிட்டிருக்கேன்"னு கேட்டார். இதயம் நிக்கல மாமா, பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருக்குன்னு அப்ப சொல்றதுக்கு எனக்கே தெரியாது, அங்க இருந்த யாரும் உக்காந்து சொல்லவும் இல்ல. நீங்களும் கட்டுரைல "இதய செயலிழப்பு"ன்னுதான் போட்டிருக்கீங்க. படிக்கிற வயசானவங்களுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இதய பலவீனம்னு போட்டா தப்பில்லன்னு எனக்குத் தோணுது, இல்ல அந்தப் பேரையே போட்டாலும் பக்கத்துல ஒரு வரி விளக்கமாவது குடுங்க.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேச்சு குறைஞ்சுபோச்சு. பேப்பர் படிக்கிறத விட்டார், சாயங்காலம் ராஜகோபாலசாமி கோயில் வாசல்ல பழைய சிநேகிதங்களோட உக்காந்துட்டு வர்றதையும் விட்டார், கேட்டா மூச்சு வாங்குதும்மான்னு ஒரே பதில். ராத்திரி தூக்கம் கிடையாது, சாப்பாட்டுல ருசி இல்லன்னுட்டார், உப்பு இல்லாத சாப்பாட்டுல என்ன ருசி இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம். இதுதான் இந்த நோய்ல இருக்கற கஷ்டம், அசதி, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் இதய பலவீனத்துலயும் வரும் மனச்சோர்வுலயும் வரும், எது எதால வருதுன்னு ஒருத்தர் கேட்டாதானே தெரியும். என் பொண்ணு பி.ஃபார்ம் படிக்கறா, அவதான் பின்னாடி தேடிப் படிச்சு சொன்னா, இதய பலவீனம் உள்ளவங்கள்ல ஏறத்தாழ அஞ்சுல ஒருத்தருக்கு மனச்சோர்வு இருக்குதாம், ஞாபகம், கவனம், திட்டம் போடற திறன் இதுல ஏதாவது குறையறவங்க கால்வாசில இருந்து பாதி பேர் வரைக்கும் இருக்காங்களாம். இவ்வளவு பேருக்கு இருக்கற ஒண்ண எங்ககிட்ட ஆறு ரிவ்யூல ஒரு தடவை கூட யாரும் கேக்கல.

அப்பறம் மாத்திரை. காலைல நாலு, ராத்திரி மூணு. சட்டைப் பைல, பஞ்சாங்கத்துக்கு அடியில, ஜன்னல் ஓரத்துலன்னு மாத்திரை கிடைக்க ஆரம்பிச்சுது. என் வீட்டுக்காரர் கோவத்துல, வேணும்னே பண்றீங்களாப்பான்னு சத்தம் போட்டுட்டார், மாமா பதில் சொல்லாம சுவத்தப் பாத்து திரும்பி உக்காந்துட்டார், அந்தக் காட்சி இன்னும் என் கண்ணுலயே இருக்கு. ஒரு நாள், உடம்புல தேங்கற தண்ணிய வெளியேத்தற நீர் மாத்திரைய போட்டத மறந்துட்டு மறுபடி போட்டிருக்கார், எத்தனை நாள் அப்படிப் போட்டாரோ தெரியல. ஒரு வாரத்துல ஆள் மந்தமாயி, என்னை செத்துப்போன அவர் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்ட்டார். வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தா ரத்தத்துல இருக்கற உப்பு, அதாவது சோடியம் 119, அது 135க்கு மேல இருக்கணுமாம், நீர் மாத்திரை கூடிப்போனதுல குறைஞ்சிருக்கலாம்னாங்க. அதை மெதுவா சரி பண்ணின ரெண்டே நாள்ல தெளிவா என் பேரச் சொல்லி காபி கேட்டார். திடீர்னு வர்ற குழப்பத்த வயசு மேல போட்டுட்டு வீட்லயே வச்சுக்காதீங்கன்னு படிக்கிற எல்லாருக்கும் கையெடுத்து சொல்றேன்.

சோடியம் சரியான பிறகும் பழைய மாமா முழுசா திரும்பி வரல. அதைக் கண்டுபிடிச்சது ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு. டிஸ்சார்ஜுக்கு முன்னாடி மூணு வார்த்தை சொல்லி ஞாபகம் வச்சுக்கோங்க தாத்தான்னு சொல்லிட்டு, ஒரு தாளக் குடுத்து கடிகாரம் வரைஞ்சு 11 மணி 10 நிமிஷத்துக்கு முள் போடச் சொன்னா. 12 நம்பரும் ஒரே பக்கமா நெருக்கி எழுதியிருந்தார், முள் போடத் தெரியல. மூணு வார்த்தைல ஒண்ணுதான் சொன்னார். 38 வருஷம் மில்லு கணக்க ஒரு பைசா பிசகாம பாத்த மனுஷன் அந்தத் தாளையே பாத்துட்டு இருந்தார். அந்த டெஸ்ட்டுக்கு மூணு நிமிஷம் கூட ஆகல. மாத்திரைய அவர் வேணும்னு விடல, போட்டமா இல்லையாங்கறதே அவருக்கு நிக்கலன்னு அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது, என் வீட்டுக்காரர் வராண்டால போய் நின்னு அழுதார்.

ஏன் இப்படி ஆகுதுன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டேன். மூளை உடம்பு எடைல 2 பர்சென்ட்தான் இருக்கும், ஆனா நாம எடுத்துக்கற ஆக்சிஜன்ல 20 பர்சென்ட் அதுக்கே போகுது, பம்ப் பண்ற சக்தி குறைஞ்சா அங்கயும் பாதிக்கும்னு சொன்னா. எங்க ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிஞ்சுக்க ரொம்ப நேரம் ஆகாது, மேட்டூர்ல தண்ணிய கம்மியா விட்டா கடைமடை என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். அது மட்டுமில்ல, இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம இருந்தா சின்னச் சின்ன ரத்தக் கட்டி மூளைக்குப் போகலாம், பிபி, சுகர் ரெண்டும் சேர்ந்து ரத்தக் குழாயக் கெடுக்கும், சரியா தூங்காததும் சேரும்.

அந்த டாக்டர் பொண்ணு மனநல டாக்டர்கிட்ட போகச் சொன்னதும் சொந்தக்காரங்க "அவருக்கென்ன பைத்தியமா"ன்னு சண்டைக்கு வந்தாங்க. போனோம். மனச்சோர்வு மாத்திரை எல்லாமே இதய நோயாளிக்கு ஒத்துக்காது, அதனால இதய டாக்டரும் மனநல டாக்டரும் பேசிக்கிட்டுதான் முடிவு பண்ணணும்னு சொன்னார். பி.ஃபார்ம் படிக்கற என் பொண்ணு காட்டினா, செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம்னு ரெண்டு மனச்சோர்வு மாத்திரைங்கள வச்சு 2010லயும் 2016லயும் வந்த பெரிய ஆய்வுகள்ல, இதய பலவீனம் உள்ளவங்களோட மனச்சோர்வுக்கு அந்த மாத்திரைங்க மருந்தே இல்லாத வெத்து மாத்திரைய விட பெருசா உதவலியாம், ஆனா பேச்சு சிகிச்சைல மனச்சோர்வு குறைஞ்சதுன்னு 2015ல ஒரு ஆய்வு வந்திருக்கு, அளவான உடற்பயிற்சியும் கொஞ்சம் உதவுதுன்னு 2,300 பேருக்கு மேல வச்சுப் பாத்திருக்காங்க. அதுக்காக போட்டுட்டிருக்கற மாத்திரைய யாரும் தானா நிறுத்திடாதீங்க. எங்க மாமாவுக்கு வாரம் ஒரு தடவை பேச ஒருத்தர் கிடைச்சார், காலைல தெருக்கோடி வரைக்கும் நான் கூட நடக்கறேன், மாத்திரைய வேளைக்கு ஒரு குழியா இருக்கற டப்பால போட்டு வச்சு போட்டதும் காலண்டர்ல டிக் போடறோம், மூக்குக் கண்ணாடிய மாத்தினோம். பழைய சிநேகிதர்ல ஒருத்தர் இப்ப வீட்டுக்கே வர்றார்.

நான் கேக்கறது பெரிய விஷயம் இல்லைங்க. எடை பாக்கற மாதிரி, பிபி பாக்கற மாதிரி, ஒவ்வொரு ரிவ்யூலயும் ரெண்டு கேள்வி, போன ரெண்டு வாரத்துல எதுலயும் நாட்டமில்லாம இருந்துச்சா, மனசு சோர்ந்துபோய் நம்பிக்கையில்லாம இருந்துச்சான்னு, அதோட ஒரு கடிகாரப் படம். டாக்டருக்கு நேரமில்லன்னா நர்ஸ் கேக்கட்டும். 2021லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா பிபி, சுகர் மாத்திரை கொண்டு வர்ற பொம்பளைங்களுக்கு இதை சொல்லிக்குடுத்தா அவங்களே கேட்டுடுவாங்க, அவங்ககிட்ட பெரியவங்க மனசு விட்டுப் பேசறதை நானே பாத்திருக்கேன். கூட இருந்து பாத்துக்கறவங்க கிட்டயும், வீட்ல எப்படி இருக்கார்னு தனியா ஒரு வார்த்தை கேக்கணும், ஏன்னா டாக்டர் முன்னாடி மாமா எப்பவும் "நல்லாருக்கேன் சார்"னுதான் சொல்வார்.

அடுத்த இணைப்புல இடம் இருந்தா அந்த ரெண்டு கேள்வியையும் அரசாங்கத்தோட மனநல உதவிக்கான டெலி மானஸ் போன் நம்பர் 14416ஐயும் கட்டம் கட்டிப் போடுங்க. அது இலவசம், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம். எங்களுக்கு ரிவ்யூ வர்ற 18ந்தேதி. இந்தத் தடவை அவங்க கேக்கலன்னா நானே கேக்கறதா இருக்கேன், காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கேன், மாமாவோட பால் கணக்குக்குப் பக்கத்துலயே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.